நிற்கத் தெரிந்த குண்டு

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் காலை, அமெரிக்காவின் மயாமி நகரையொட்டிய பகுதியில் கொள்ளையர் இருவர் சென்ற காரை நடுவண் புலனாய்வுத் துறையினர் எண்மர் வழிமறித்தனர். உலகம் எஃப்.பி.ஐ. என்ற பெயரால் அறிந்த துறை அது. மூண்டெழுந்த துப்பாக்கிச் சண்டை ஐந்து நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. அதன் தொடக்கத்திலேயே புலனாய்வாளர் ஒருவரின் கைத்துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட 9 மில்லிமீட்டர் குண்டு, கொள்ளையருள் ஒருவனது வலது மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, வலது நுரையீரலைச் சிதைத்து, நெஞ்சாங்குலைக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் இப்பால் நின்றது. அக்குண்டின் எடை ஏழரை கிராம். அது உண்டாக்கிய காயம் உயிர் பறிக்கத் தக்கதே. ஆயினும் உடனே பறிக்கவில்லை. இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதில் அவன் கையிலிருந்த நீள்துப்பாக்கி ஓயாமல் முழங்கியது. புலனாய்வாளர் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையர் இருவரும் அங்கேயே வீழ்ந்தனர்.

கைத்துப்பாக்கியை எதிர்த்து நீள்துப்பாக்கி நின்ற சண்டை அது. அதன் முடிவுக்குப் படைக்கல வேறுபாடும் களத்தில் நேர்ந்த தடுமாற்றங்களும் சேர்ந்தே ஏதுவாயின. ஆயினும் எஃப்.பி.ஐ.யின் உள்ளத்தை உறுத்தியது அந்த ஓர் அங்குலமே. ஒரு குண்டு உடலுக்குள் எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும்? எங்கே நிற்க வேண்டும்? இவ்விரு வினாக்களும் அன்றுதொட்டு அளந்தறியும் ஆய்வுக்கு உட்பட்டன. இன்று அமெரிக்காவில் உடைக்குள் மறைத்துக் கைத்துப்பாக்கி ஏந்தும் குடிமக்கள் தம் தற்காப்புத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது துணைகொள்ளும் அளவுகோல், அந்த ஆய்விலிருந்து பிறந்ததே. வலிமை மிக்க தோட்டாவே நல்ல தோட்டா என்று பலரும் எண்ணுகின்றனர். அறிவியல் கண்ட உண்மை வேறு. போதிய ஆழம் சென்று, மிகாமல் நிற்கத் தெரிந்த குண்டே தற்காப்புக்கு உரிய குண்டு.

தள்ளி வீழ்த்தும் என்னும் மயக்கம்

திரைப்படத்தில் குண்டு பட்டவன் பின்புறம் தூக்கி எறியப்படுகிறான். கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவில் போய் விழுகிறான். இயற்பியல் இதற்கு இடம் தருவதில்லை. 8 கிராம் எடையுள்ள 9 மில்லிமீட்டர் குண்டு நொடிக்கு 350 மீட்டர் விரைவில் செல்வதாகக் கொள்வோம். எடையையும் விரைவையும் பெருக்கினால் கிடைக்கும் உந்தம் 2.8 அலகு. அவ்வுந்தம் முழுவதும் 70 கிலோ எடையுள்ள ஓர் உடலுக்குள் சென்று தங்கினாலும், அவ்வுடல் பெறும் விரைவு நொடிக்கு 4 செ.மீ. மட்டுமே. அது எறும்பின் நடை.

தாக்கத்துக்கு நிகரான எதிர்த்தாக்கம் உண்டு என்று நியூட்டன் வகுத்த நெறியும் இதையே உரைக்கிறது. குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. வெடிமருந்தின் வளியும் குழல்வாய் வழியே பீறிட்டு வெளியேறுவதால், சுடுபவர் கை தாங்கும் உதைப்பு குண்டு சுமந்து செல்லும் உந்தத்தைவிடச் சற்றே மிகுதி. சுடுபவரை வீழ்த்தாத விசை, சுடப்பட்டவரை மட்டும் எப்படித் தூக்கி எறியும்?

ஆற்றலைக் கணக்கிட்டாலும் வியப்பு அடங்கிவிடும். மேற்சொன்ன குண்டின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 490 ஜூல். ஐம்பது கிலோ நெல்மூட்டையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் தூக்கச் செலவாகும் ஆற்றல் அவ்வளவுதான். உழைப்பாளி ஒருவர் நாள்தோறும் நூறு முறை செய்யும் வேலை அது. ஆகவே குண்டின் கொடுமை ஆற்றலின் பேரளவில் இல்லை. ஒரு விரல் நுனியினும் சிறிய பரப்பின் வழியே, ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள், அவ்வாற்றல் உடலுக்குள் இறங்குவதில்தான் இருக்கிறது. எங்கே இறங்குகிறது, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதே அதன் விளைவைத் தீர்மானிக்கிறது.

உடல் எப்போது ஓய்கிறது?

தற்காப்பின் நோக்கம் தாக்குதலை நிறுத்துவது. உயிரைப் பறிப்பது அதன் நோக்கமாகாது. இவ்வேறுபாட்டைச் சட்டமும் வலியுறுத்துகிறது, உடலியலும் வலியுறுத்துகிறது. மயாமியில் உயிர் பறிக்கும் காயம் இருந்தது, தாக்குதல் நிற்கவில்லை. மாறாக, சிறு கீறலுக்கே அஞ்சிக் கருவியைக் கீழே போட்டு ஓடியவர்களும் உண்டு. அது மனத்தின் முடிவு. மனத்தின் முடிவை எந்தத் தோட்டாவாலும் உறுதிசெய்ய இயலாது.

உடலே ஓய்ந்து நிற்கும் வழிகள் இரண்டு. மூளையும் தண்டுவடத்தின் மேற்பகுதியும் செயலிழப்பது ஒன்று. குருதி இழப்பால் மூளைக்கு உயிர்வளி செல்லாமற் போவது மற்றொன்று. இரண்டாவது வழி மெல்ல நிகழ்வது. நெஞ்சாங்குலை முற்றிலும் அழிந்த பின்னரும், மூளையில் எஞ்சிய உயிர்வளியைக் கொண்டு ஒருவர் 10 முதல் 15 நொடிவரை விரும்பியபடி இயங்கக் கூடும் என்று 1989இல் வெளிவந்த எஃப்.பி.ஐ. அறிக்கை எடுத்துரைத்தது. யூரி பேட்ரிக் என்னும் புலனாய்வாளர் எழுதிய அவ்வறிக்கை, கைத்துப்பாக்கித் தோட்டா பற்றிய பழங்கதைகள் பலவற்றை வேரோடு சாய்த்தது.

குண்டு செல்லும் வழியில் இருவகை மாற்றங்கள் நிகழ்கின்றன. குண்டு நேரடியாக நசுக்கி உண்டாக்கும் துளை நிலைத்தது. அதைச் சுற்றியுள்ள தசை, கல்லெறிந்த குளத்துநீர் போல ஒருகணம் விரிந்து மீண்டும் ஒடுங்குவது நொடிநேர விரிவு. நொடிக்கு 900 மீட்டர் விரைவில் பாயும் போர்த் துப்பாக்கிக் குண்டு இவ்விரிவாலேயே உறுப்புகளைக் கிழிக்க வல்லது. கைத்துப்பாக்கிக் குண்டுகளோ பெரும்பாலும் 250 முதல் 400 மீட்டர் விரைவிலேயே செல்கின்றன. தசையும் நுரையீரலும் நெகிழ்ந்து கொடுப்பவை. ஆதலால் இவ்விரைவில் ஏற்படும் விரிவை அவை பொறுத்துக்கொண்டு பழைய நிலைக்கு மீள்கின்றன. நம்பத் தக்கதாக எஞ்சுவது நிலைத்த துளை ஒன்றே. அத்துளையின் நீளமும் அகலமும்தான் கைத்துப்பாக்கித் தோட்டாவின் தகுதியை உரைக்கும் இரண்டு எண்கள். அவற்றுள்ளும் நீளமே முதன்மையானது. இன்றியமையா உறுப்பை எட்டாத குண்டு எவ்வளவு அகலமாக விரிந்தாலும் பயனில்லை.

டம் டம் முதல் தி ஹேக் வரை

இவ்வுண்மையை வந்தடைய அறிவியலுக்கு நூறாண்டு பிடித்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வாழ்ந்த தியோடோர் கோக்கர், கழுத்துச் சுரப்பி பற்றிய ஆய்வுக்காக 1909இல் நோபல் பரிசு பெற்ற அறுவை மருத்துவர். 1870களிலேயே அவர் குண்டுக்காயத்தை முறையான ஆய்வுக்கு உட்படுத்தினார். நீர் நிறைந்த கலங்கள், வழலைக் கட்டி, ஊன்பசை எனப் பல பொருள்களின்மீது சுட்டுப் பார்த்தார். நீர் நிறைந்த உறுப்பைக் குண்டு தாக்கும்போது எழும் நீரழுத்தமே பேரழிவுக்கு ஏது என்று கண்டார். 1894இல் ரோம் நகரில் கூடிய மருத்துவ மாநாட்டில், வீணான துன்பம் விளைவிக்காத குண்டுகளை அரசுகள் உருவாக்க வேண்டும் என்று மாந்தநேய நோக்கில் வாதிட்டார். காயத்தை ஆற்றும் கையே குண்டின் இயல்பையும் ஆராயத் தொடங்கியது என்பது இத்துறையின் பெருமை.

அதே பத்தாண்டில் நம் நாட்டு மண்ணில் எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்தது. இன்று வானூர்தி நிலையத்தால் அறியப்படும் கொல்கத்தாவின் டம் டம் பகுதியில், அந்நாள் பிரித்தானியப் படையின் தோட்டாத் தொழிற்சாலை இருந்தது. வடமேற்கு எல்லைப்புறப் போர்களில், செம்பு-நிக்கல் கலவை உறை முழுதும் போர்த்த .303 அங்குலக் குண்டு எதிரியின் உடலைத் துளைத்துச் சென்றதே தவிர, அவரைத் தடுத்து நிறுத்தவில்லை என்று படையினர் குறைகூறினர். தொழிற்சாலையின் தலைவராயிருந்த கேப்டன் பெர்ட்டி-கிளே, குண்டின் முனையில் உறையை நீக்கி உள்ளிருந்த ஈயம் வெளித்தெரியுமாறு செய்தார். உடலுள் புகுந்ததும் அம்மென்முனை நசுங்கி விரிந்தது. அடிமை நாட்டின் ஓர் ஊர்ப்பெயர் உலக மொழிகளில் எல்லாம் கொடுங்குண்டின் பெயராக நிலைத்துவிட்டது.

1899 ஜூலை 29 அன்று தி ஹேக் நகரில் கூடிய நாடுகள், மாந்த உடலுள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று உறுதிமொழி வெளியிட்டன. பிரித்தானியா முதலில் மறுத்து, 1907இல் அதை ஏற்றது. அமெரிக்கா இன்றளவும் அவ்வுறுதிமொழியில் முறைப்படி சேரவில்லை. ஆயினும் அதன் படைகள் நெடுங்காலம் முழுவுறைக் குண்டுகளையே ஏந்திவந்தன.

இங்கே கூர்த்த மதியுடையோர் ஒரு முரணைக் காண்பர். போர்க்களத்தில் விலக்கப்பட்ட விரியும் குண்டையே, அமெரிக்கக் காவலரும் தற்காப்புக்குத் துப்பாக்கி ஏந்தும் குடிமக்களும் பெரிதும் நாடுகின்றனர். இது எப்படித் தகும்? விடை குண்டுக்கு அப்பால் நிற்பவரிடம் இருக்கிறது. தி ஹேக் நெறி, முன்னமே களத்திலிருந்து நீங்கிவிட்ட போர்வீரனுக்கு மேலும் துன்பம் சேர்க்கலாகாது என்னும் அருளுணர்வில் எழுந்தது. நகரத் தெருவின் நிலை வேறு. அங்கே தாக்குபவனுக்குப் பின்னால் பேருந்துக்குக் காத்திருக்கும் தாயும், கடைவாயிலில் நிற்கும் சிறுவனும் இருக்கிறார்கள். உடலைத் துளைத்து வெளியேறும் குண்டு அவர்களைத்தான் சென்று சேரும். இரு நெறிகளுக்கும் வேர் ஒன்றே: துன்பம் உரியவரோடு, உரிய அளவோடு நிற்க வேண்டும்.

நியூயார்க் நகரக் காவல்துறை இதைத் துயரத்தின் வழியே கற்றது. 1995, 1996 ஆகிய ஈராண்டுகளில் காவலர் சுட்ட முழுவுறைக் குண்டுகளால் தொடர்பற்ற பொதுமக்கள் 15 பேர் காயமுற்றனர் என்றும், அவர்களுள் ஐவரைத் தாக்கியவை வேறொருவர் உடலைத் துளைத்துக்கொண்டு வந்த குண்டுகள் என்றும் அத்துறை வெளியிட்டது. 1998இல் அது, முனையில் குழியுடைய, உடலுள் விரியும் குழிமுனைக் குண்டுக்கு மாற முடிவுசெய்தது.

பசைக்கட்டி என்னும் அளவுகோல்

ஆய்வின் வரலாற்றில் ஒரு தடுமாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். பிலிப்பைன் தீவுப் போர்களில் .38 அங்குலக் கைத்துப்பாக்கி போதவில்லை என்ற குறை எழவே, 1904இல் அமெரிக்கப் படையின் தாம்சன், லகார்ட் ஆகிய இருவர் சிகாகோ நகரின் இறைச்சிக்கால்நடைத் தொழுவங்களில் ஆய்வு நடத்தினர். மாடுகளைச் சுட்டு, அவை வீழும் பொழுதைக் குறித்தனர். தொங்கவிடப்பட்ட மாந்தச் சடலங்களைச் சுட்டு, அவை எவ்வளவு அசைகின்றன என்று நோக்கினர். .45 அங்குலத்துக்குக் குறைந்த குண்டு படைக்கு உதவாது என்பது அவர்கள் முடிவு. 1911இல் அமெரிக்கப் படை ஏற்ற புகழ்பெற்ற கைத்துப்பாக்கிக்கு அம்முடிவு வழிகோலியது. ஆனால் சடலத்தின் அசைவு உந்தத்தைக் காட்டுமேயன்றி, உயிருள்ள உடலின் ஓய்வைக் காட்டாது. ஒவ்வொரு விலங்கும் ஒவ்வொரு வகையில் வீழும். ஒப்பிட்டு அளக்க ஒரு நிலையான பொருள் தேவைப்பட்டது.

அப்பொருளைச் செம்மைப்படுத்தித் தந்தவருள் தலையாயவர் மார்ட்டின் ஃபாக்லர். வியத்நாம் போரில் காயமுற்றோர்க்கு அறுவை மருத்துவம் செய்த அவர், 1980களில் சான் பிரான்சிஸ்கோவின் லெட்டர்மன் படைத்துறை ஆய்வு நிலையத்தில் குண்டுக்காய ஆய்வகத்தை நடத்தினார். ஜெலட்டின் என்று நாம் அறிந்த ஊன்பசையை எடைக்குப் பத்து விழுக்காடு நீரில் கரைத்து, கட்டியாக உறையவைத்து, 4 பாகை செல்சியசில் குளிரூட்டினால், குண்டு அதனுள் செல்லும் ஆழம் உயிருள்ள தசையில் செல்லும் ஆழத்தோடு ஒத்துவருகிறது என்று அவர் மெய்ப்பித்தார். விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படும் எளிய பொருள், மாந்த உடலுக்குப் பதிலியாக ஆய்வுமேடை ஏறியது.

அளவுகோலையும் அளந்து பார்ப்பது அறிவியலின் மரபு. ஒவ்வொரு கட்டியையும் பயன்படுத்தும் முன்பு, 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு எஃகு மணி ஒன்றை நொடிக்கு ஏறத்தாழ 180 மீட்டர் விரைவில் அதனுள் செலுத்துவர். மணி 8.5 செ.மீ. ஆழத்தில், ஒரு செ.மீ. கூடவோ குறையவோ நின்றால் கட்டி தகுதியுடையது. தவறினால் அக்கட்டி ஒதுக்கப்படும். இம்முறையால் ஒரு நாட்டில் ஓர் ஆய்வகத்தில் கண்ட எண்ணை, இன்னொரு நாட்டின் ஆய்வகம் சரிபார்க்க முடிகிறது. பசைக்கட்டிக்குள் எலும்பு இல்லை, தோல் இல்லை, அச்சம் இல்லை. ஆதலால் அது உடலாகிவிடாது. குண்டுகளை ஒன்றோடொன்று நேர்மையாக ஒப்பிட்டுக் காட்டும் துலாக்கோல் அது.

1987 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. தன் குவாண்டிக்கோ பயிற்சிக்கழகத்தில் வல்லுநரைக் கூட்டியது. அதன் பயனாய் எழுந்த ஆய்வுமுறை, வெறும் கட்டி மீதும், தடித்த உடை போர்த்த கட்டி மீதும், எஃகுத் தகடு, சுவர்ப்பலகை, ஒட்டுப்பலகை, காரின் முன்கண்ணாடி ஆகியவற்றுக்கு அப்பால் வைத்த கட்டி மீதும் குண்டுகளைச் செலுத்திப் பார்க்கிறது. குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமல், 18 அங்குலத்துக்கு மிகாமல் நிற்க வேண்டும். அதாவது ஏறத்தாழ 30 முதல் 46 செ.மீ. ஆழம். மார்பின் குறுக்களவு அத்தனை இல்லையே என்று கேட்கத் தோன்றும். துப்பாக்கியை நீட்டி நிற்பவனின் கை மார்புக்கு முன்னே குறுக்கிடும். உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். பருத்த உடலாகவும் இருக்கலாம். மயாமியில் கையைத் துளைத்த பின்னரே குண்டு மார்பை எட்டியது. கீழெல்லை அந்த ஓர் அங்குலத்தின் நினைவு. மேலெல்லை அப்பால் நிற்பவரின் நினைவு.

குழியும் இதழும்

குழிமுனைக் குண்டு செயற்படும் விதம் எளிமையில் அழகுடையது. ஈய உள்ளீட்டின்மேல் மெல்லிய செம்புறை. முனையில் சிறு கிண்ணம் போன்ற குழி. நீர் நிறைந்த தசையுள் குண்டு புகும்போது அக்குழிக்குள் நீர்மம் நெருக்குண்டு நிறைகிறது. குண்டின் விரைவால் எழும் அழுத்தம் குழியின் சுவரை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. உறையில் முன்னமே இடப்பட்ட கீறல்கள் வழியே சுவர் பிளந்து, மலர் விரிவதுபோல் இதழ்களாய்ப் பின்னோக்கி மடங்குகிறது. 9 மில்லிமீட்டர் விட்டம் 14 மில்லிமீட்டர் ஆகுமாயின், முகப்புப் பரப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. துளை அகல்கிறது; அதே வேளையில் தசையின் தடையும் பெருகி, குண்டு விரைந்து தளர்ந்து நிற்கிறது. விரிதலே நிறுத்தும் தடையாகவும் அமைகிறது.

இவ்வமைப்பின் பகை துணி. குளிர்காலத்துத் தடித்த மேலாடையைத் துளைக்கும்போது நூலும் பஞ்சும் குழிக்குள் அடைத்துக்கொள்ளும். நீர்மம் புக வழியின்றிக் குழி மூடிப்போனால், குண்டு விரியாமல் முழுவுறைக் குண்டைப் போலவே ஆழப் பாய்ந்து உடலைக் கடந்துவிடும். மாறாக, மெல்லிய உறையுடைய குண்டு மிக விரைவாக விரிந்தால் மயாமிக் குண்டைப் போல ஆழம் போதாமல் நின்றுவிடும். இவ்விரு குறைகளுக்கும் நடுவே வழி காண்பதே கடந்த முப்பதாண்டுத் தோட்டாப் பொறியியலின் பணி. ஈயமும் செம்பும் பிரியாதபடி அணுக்கமாகப் பிணைக்கப்பட்ட குண்டுகள் வந்தன. குழிக்குள் மீள்தன்மையுள்ள நெகிழிமணி ஒன்றைப் பொருத்தி, துணி அடையாமல் காத்து, அம்மணியே நசுங்கிக் குழியை விரிக்குமாறு செய்தனர் சிலர். முழுதும் செம்பாலேயே குண்டு வார்த்தனர் வேறு சிலர். இன்று நான்கு அடுக்கு டெனிம் துணியைக் கடந்தும் சீராக விரிகிறதா என்று பார்க்காமல் எவரும் ஒரு தற்காப்புக் குண்டை மெச்சுவதில்லை.

சிறிய துப்பாக்கியின் இடர்

மறைத்து ஏந்தும் கைத்துப்பாக்கி சிறியதாகத்தான் இருக்க முடியும். அச்சிறுமைக்கு இயற்பியல் விலை கேட்கிறது. காவலரின் துப்பாக்கியில் குழல் 11 செ.மீ. அளவு நீண்டிருந்தால், சட்டைப்பையில் அடங்கும் துப்பாக்கியில் அது 7 செ.மீ. அளவே இருக்கும். வெடிமருந்தின் வளி குண்டைத் தள்ளும் தொலைவு குறைவதால் விரைவும் குறைகிறது. நீள்குழலில் அழகாக விரிந்த குண்டு, குறுங்குழலிலிருந்து வரும்போது விரியத் தேவையான விரைவை எட்டாமற் போகலாம். எனவே தோட்டாப் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்புவதைவிட, தம் துப்பாக்கியின் குழல் நீளத்தில் ஆய்ந்த முடிவுகளை நாடுவதே அறிவுடைமை. குறுங்குழலுக்கென்றே குறைந்த விரைவிலும் விரியுமாறு வடித்த தோட்டாக்களும் கிடைக்கின்றன.

தோட்டா சிறிதாகச் சிறிதாக இவ்விடர் முற்றுகிறது. .380 அங்குல வகையின் குண்டு ஏறத்தாழ 6 கிராம் எடையே உடையது. அது விரிந்தால் 12 அங்குலத்தை எட்டுவது அரிது. விரியாவிட்டால் ஆழம் கிட்டும், அகலம் கிட்டாது. இரண்டையும் ஒருங்கே பெறுவதற்கு அதனிடம் உந்தம் போதாது. அத்தகைய சிறு துப்பாக்கி ஏந்துவோருள் பலர் அகலத்தைத் துறந்து ஆழத்தைத் தேர்வர். .38 ஸ்பெஷல் வகைக் குறுங்குழல் சுழல்துப்பாக்கியில் தட்டைமுகம் கொண்ட, விரியாத, மென்மையான உதைப்புடைய இலக்குத் தோட்டாவைச் சிலர் விரும்புவதும் இதனாலேயே.

உதைப்பும் ஒரு கணக்கே. 1 கிலோ எடையுள்ள துப்பாக்கி 2.8 அலகு உந்தத்தால் நொடிக்கு 2.8 மீட்டர் விரைவில் பின்னுதைக்குமாயின், அரைக்கிலோத் துப்பாக்கி அதே தோட்டாவுக்கு 5.6 மீட்டர் விரைவில் உதைக்கும். உதைப்பு மிகுந்தால் கை நடுங்கும். அடுத்த குண்டு குறிதவறும். எஃப்.பி.ஐ.யே இதை அனுபவத்தால் உணர்ந்தது. மயாமிக்குப் பின் அது 10 மில்லிமீட்டர் தோட்டாவை நாடியது. அதன் முழு விசையைக் கையாளப் பலர் இடர்ப்பட்டதால் மருந்தைக் குறைத்தது. அவ்வளவு மருந்துக்கு நீண்ட பித்தளைக்கூடு வேண்டியதில்லை என்று கண்டதன் பயனாய், 1990இல் .40 அங்குலக் குறுந்தோட்டா பிறந்தது. அடுத்த கால் நூற்றாண்டில் குழிமுனைக் குண்டின் பொறியியல் முதிர்ந்தது. 9 மில்லிமீட்டர் குண்டும் அதே ஆழத்தை எட்டுவதையும், பெரும்பாலோர் அதை விரைவாகவும் குறிதவறாமலும் சுடுவதையும் எடுத்துக்காட்டி, 2014இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு மீண்டும் 9 மில்லிமீட்டரையே பரிந்துரைத்தது. வலிமையைத் தேடிப் புறப்பட்ட நெடும்பயணம், அளவைக் கண்டு தொடங்கிய இடத்துக்கே திரும்பியது.

அழுத்தம் கூட்டப்பட்ட தோட்டாக்களையும் இந்த நோக்கில்தான் எடைபோட வேண்டும். 9 மில்லிமீட்டருக்கு அமெரிக்கத் தரநெறி வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு; கூட்டிய வகைக்கு 38,500. பத்து விழுக்காட்டு அழுத்தம் சிறிது விரைவைத் தரும்; கூடவே உதைப்பையும், ஒளிப்பிழம்பையும், கருவியின் தேய்மானத்தையும் தரும். குறுங்குழலில் விரிதலை உறுதிசெய்ய அது உதவுமாயின் கொள்ளலாம். பெருமைக்காகக் கொள்வது பேதைமை.

பழகிய தோட்டாவே நம்பத்தக்க தோட்டா

ஆய்வகத்தில் முதன்மை பெற்ற தோட்டாவும், ஒருவரது துப்பாக்கியில் சிக்கிக்கொண்டால் வீணே. முழுவுறைக் குண்டின் முனை வழவழப்பாக உருண்டிருப்பதால் வெடியறைக்குள் எளிதில் வழுக்கிச் செல்லும். குழிமுனையின் விளிம்பு, வெடியறைக்கு ஏறும் சரிவில் இடறக் கூடும். ஆகவே தேர்ந்தெடுத்த தோட்டாவை அத்துப்பாக்கியிலேயே போதிய அளவு சுட்டு, ஒரு முறையும் தடைபடாமை கண்ட பின்னரே அதை நம்பத் தகும். பயிற்சிக்கு விலைமலிவான முழுவுறைத் தோட்டாவைக் கையாளலாம். ஆனால் அதன் குறியும் உதைப்பும் தற்காப்புத் தோட்டாவோடு ஒத்திருக்க வேண்டும்.

வெளித்தோன்றாத இடர் ஒன்றும் உண்டு. நாள்தோறும் துப்பாக்கியை இறக்கி ஏற்றுபவர், ஒரே தோட்டாவை மீண்டும் மீண்டும் வெடியறைக்குள் செலுத்துகிறார். ஒவ்வொரு முறையும் குண்டின் முனை சரிவில் மோதி, இம்மியளவு பித்தளைக்கூட்டுக்குள் அமுங்குகிறது. உள்ளே இடம் சுருங்கினால், மருந்து எரியும்போது அழுத்தம் தாறுமாறாக உயரும். துப்பாக்கியே பிளக்கக் கூடும். அமுங்கிய தோட்டாவைப் புதியதொன்றின் அருகே நிறுத்தி நீளத்தை ஒப்பிட்டால் கண்ணே சொல்லிவிடும். அத்தகையதை ஒதுக்குவது நன்று.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். தற்காப்புக்காகப் பொதுவிடத்தில் கைத்துப்பாக்கி ஏந்துவது அரசியலமைப்பு உரிமை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2022 ஜூன் 23 அன்று தீர்ப்பளித்தது. எனினும் மாநிலந்தோறும் நெறிகள் வேறுபடும். நியூ ஜெர்சி மாநிலத்தில் குழிமுனைக் குண்டைக் குடிமக்கள் தம் இல்லத்துக்கு வெளியே எடுத்துச் செல்வதற்குக் கட்டுப்பாடு உண்டு. அறிவியல் பரிந்துரைப்பதை ஒரு மாநிலச் சட்டம் தடுக்கும் இடத்தில், குடிமகனுக்குச் சட்டமே எல்லை.

எல்லாவற்றுக்கும் மேலான உண்மை ஒன்றை எந்தப் பசைக்கட்டியும் காட்டாது. 18 அங்குலத்துக்குள் நிற்கும் குண்டும், உடலில் பட்டால்தான் அங்கே நிற்கும். குறிதவறிய குண்டு நிற்பதில்லை. வீட்டின் சுவர்ப்பலகையைத் துளைக்கும்போது அதன் பொடி குழியை அடைத்துவிடும். விரியும் குண்டும் விரியாமல் அடுத்த அறைக்குள் பாயும். அங்கே உறங்குவது யார் என்று அது கேட்பதில்லை. நியூயார்க்கில் காயமுற்ற பதினைவருள் எண்மரை எந்த உடலையும் துளைக்காத குண்டுகள் நேரே தாக்கின. அவ்வெண்மரைக் குழிமுனை காத்திராது. சுடுபவரின் கண்ணும் பயிற்சியும், சுடாமல் தவிர்க்கும் அடக்கமும் மட்டுமே காத்திருக்கும்.

கோக்கரும் ஃபாக்லரும் அறுவைக் கத்தி பிடித்த கைகள். கிழிந்த உடலைத் தைக்கும் தொழிலில் நின்றுகொண்டே, குண்டின் பாதையை அளக்கத் துணிந்தவர்கள். அவர்களும் அவர்வழி வந்தோரும் நமக்கு விட்டுச்சென்ற அளவுகோலில் இரண்டு கோடுகள் உள்ளன: குறையலாகாது என்று ஒன்று, மிகலாகாது என்று மற்றொன்று. தோட்டா செய்வோர் அவ்விரு கோடுகளுக்கு இடையே நிற்கக் குண்டுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதை ஏந்துபவரும் அவ்வாறே நிற்கக் கற்றிருக்க வேண்டும். விசையின்மேல் வைத்த விரல் நிற்கத் தெரியாததாயின், நிற்கத் தெரிந்த குண்டால் எவருக்கும் காப்பில்லை.